கவருமெண்டு எதுக்குச் சோழனைச் சுடுது?

ஆட்டையாம்பட்டித் தறிப்பட்டறைக்குள் படம் பார்த்தால் வசனம் காதில் விழாது. வரிசையாக ஓடும் விசைத்தறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் பாதிதான் கேட்கும். பாவு அறுந்திருக்கிறதா, நாடாவில் நூல் தீர்ந்துவிட்டதா என்று ஒரு கண் தறியில். இன்னொரு கண் சன்னல் கம்பியில் சாய்த்து வைத்த செல்போனில். ராத்திரி ஷிஃப்டில் அப்படி ஓடிக்கொண்டிருந்தது 'ஆயிரத்தில் ஒருவன்'. எம்.ஜி.ஆர். படம் அல்ல, செல்வராகவன் இயக்கி 2010 பொங்கலுக்கு வந்த படம். இறுதிப் போர் தொடங்கியிருந்தது. தார் மாற்றிவிட்டு வந்த பெரியவர் ஒருவர், பக்கத்துத் தறிக்கார இளைஞனின் காதருகே குனிந்தார்.

"ஏப்பா, அந்தப் பொம்பள சோழரா, பாண்டியரா?"

"பாண்டியருங்க மாமா."

"அப்ப துப்பாக்கி வெச்சிருக்கறவனெல்லாம்?"

"அவுங்க கவருமெண்டு ஆளுங்க."

"கவருமெண்டு எதுக்குச் சோழனைச் சுடுது?"

அதற்குள் இளைஞனின் தறி ஒன்று நின்றுவிட, அவன் ஓடிவிட்டான். கேள்வி அங்கேயே நின்றது. படம் வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதைத் தலையில் தூக்கிக் கொண்டாடுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடைசிப் போரில் மோதுவது யாரும் யாரும் என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் "சோழரும் பாண்டியரும்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதியில்தான் படத்தின் உயிர் இருக்கிறது.

களத்தில் இரண்டு, கதையில் நான்கு

கதையை ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம். ஆண்டு 1279. பாண்டியர் படையெடுப்பில் சோழப் பேரரசு முடிகிற நேரம். இளவரசனும் ஒரு பகுதி மக்களும் கடல் கடந்து தப்புகிறார்கள். போகும்போது பாண்டியரின் குலதெய்வச் சிலையும் அவர்களோடு போய்விடுகிறது. வியட்நாம் பக்கம் ஒரு தீவு. யாரும் பின்தொடராதபடி வழியெங்கும் பொறிகள். ஏழு நூற்றாண்டு கழித்து, அவர்களைத் தேடிப் போன தொல்லியல் ஆய்வாளர் (பிரதாப் போத்தன்) காணாமல் போகிறார். அவரைத் தேடி ஒரு குழு கிளம்புகிறது. தலைமை அனிதா (ரீமா சென்). பாதுகாப்புக்கு அழகம்பெருமாள் தலைமையில் ஒரு ராணுவப் பிரிவு. வழி தெரிந்தவள் ஆய்வாளரின் மகள் லாவண்யா (ஆண்ட்ரியா). மூட்டை சுமக்கக் கூலியாட்கள்; அவர்களுக்கு மேஸ்திரி மாதிரி முத்து (கார்த்தி).

கடலிலும் காட்டிலும் பாலையிலும் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள். புதைமணலில் நடராசர் உருவத்தின் நிழல் விழும் தடத்தில் மட்டும் கால் வைத்து ஓடும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கடைசியில் மூவர் மட்டும் சோழர் குடியிருப்புக்குப் போய்ச் சேர்கிறார்கள். அங்கே இருப்பது நாம் எதிர்பார்த்த தங்க அரியணை இல்லை. கரி அப்பிய உடம்போடு, ஒரு துண்டு இறைச்சிக்கு அடித்துக்கொள்ளும் கூட்டம். பால் வற்றிய தாய்மார்கள். தஞ்சையிலிருந்து தூதுவன் வருவான், தாய்மண்ணுக்கு அழைத்துப் போவான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கிடக்கும் மன்னன் (பார்த்திபன்).

இனி பக்கங்களைப் பிரித்து வைப்போம். முதலாவது, இந்தச் சோழர். படத்தில் ஒளிவுமறைவு இல்லாத ஒரே தரப்பு இதுதான். இரண்டாவது, பாண்டிய வாரிசுகள். அனிதா அந்தக் குலத்தவள் என்பதும், அதிகாரத்தின் மேல்படியில் அவளுக்குத் துணை இருக்கிறது என்பதும் பின்பாதியில்தான் தெரிகிறது. சிலையை மீட்பதும் பழி தீர்ப்பதும் அவர்களுடைய கணக்கு. மூன்றாவது, சீருடை அணிந்த சிப்பாய்கள். நான்காவது, முத்துவும் லாவண்யாவும். ஒருத்தி அப்பாவைத் தேடி வந்தவள், ஒருவன் கூலிக்கு வந்தவன். இருவருக்கும் இந்தக் குலப்பகையில் பங்கே இல்லை.

போர் மூளும்போது திரையில் தெரிவது இரண்டே கூட்டம். ஒரு பக்கம் பழைய ஆயுதங்களோடு சோழர், மறுபக்கம் துப்பாக்கியோடு ராணுவம். முதலில் சோழர் கை ஓங்குகிறது. பிறகு தோட்டா வெல்கிறது. இந்தக் காட்சியில் பாண்டியன் எங்கே? புலிக்கொடிக்கு எதிரே மீன்கொடி பறக்கவில்லை. பாண்டியரின் ஆத்திரத்தை அரசாங்கத்தின் துப்பாக்கி சுமக்கிறது, அவ்வளவுதான். விசையை அழுத்தும் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு இது எந்தக் குலத்தின் பகை, எந்த நூற்றாண்டின் கணக்கு என்பது தெரிய வாய்ப்பே இல்லை. உத்தரவு வந்தது, சுட்டார்கள். அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: கவருமெண்டுக்குச் சோழன்மேல் எந்தப் பகையும் இல்லை. பகை உள்ளவர்கள் கையில் கவருமெண்டு சிக்கியிருந்தது.

அனிதாவின் பக்கம் கடைசிவரை மறைந்திருப்பதைத் திரைக்கதையின் குறை என்று அப்போது சிலர் சொன்னார்கள். நான் அதைப் பலம் என்றே சொல்வேன். தூது வந்தவள் என்று நம்பி மன்னன் ஏமாறும்போது நாமும் கூடவே ஏமாறுகிறோம். தன் எதிரில் இருப்பது யார் என்று தெரியாத அரசனின் நிலை நமக்குப் புரிய வேண்டுமென்றால், நமக்கும் தெரியாமல் இருந்தால்தான் முடியும்.

"நீர் யார்?"

சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கத்து ஊர்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பமே வராது. கூத்தில் ஒரு வேஷம் சபைக்கு வரும்போது இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்தே விருத்தம் பாடிக்கொண்டு வருவார் வேஷக்காரர். முதலில் தெரிவது கிரீடத்தின் நுனி, பிறகு சலங்கைக் கால். திரை விலகியதும் கட்டியக்காரன் மறித்துக் கேட்பான்: நீர் யார், எந்த நாடு, எவர் மகன், இங்கே எதற்கு வந்தீர்? பதில் சொல்லாமல் ஒருவரும் சண்டைக்குப் போக முடியாது. பார்க்கிறவர் நடுச்சாமத்தில் தூங்கி எழுந்தாலும், முகத்தில் பூசிய வர்ணத்தையும் தோளில் கட்டிய புஜக்கட்டையையும் வைத்தே யார் எந்தக் கட்சி என்று சொல்லிவிடுவார்.

இத்தனைக்கும் பாரதப் போரின் கட்சிக் கணக்கு லேசானது அல்ல. கண்ணன் பாண்டவர் பக்கம், அவனுடைய படை துரியோதனன் பக்கம். நகுல சகாதேவரின் தாய்மாமன் சல்லியன் கௌரவர் பக்கம் நின்று கர்ணனுக்குத் தேர் ஓட்டுகிறான். திருதராட்டிரனின் மகன்களில் ஒருவனான யுயுத்சு போர் தொடங்கும் நேரத்தில் பாண்டவர் பக்கம் வந்துவிடுகிறான். பலராமன் எந்தப் பக்கமும் வேண்டாம் என்று தீர்த்த யாத்திரை போகிறான். கர்ணன் தம்பிகளை எதிர்த்தே நிற்கிறான், தம்பிகள் என்று தெரிந்தும். கர்ண மோட்சம் நடக்கும் இரவில் பொன்னுருவி வேஷம் கணவனின் பிறப்பைக் கேட்டு நிற்கும்போது, கூட்டத்தில் அத்தனை பேருக்கும் பதில் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. அங்கே அழுகை வருவது அதனால்தான். சண்டை எத்தனை பெரிது என்பதால் அல்ல.

நம் பழம்புலவர்களும் இதில் கறாராக இருந்தார்கள். தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் வென்றான் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. அகநானூற்றில் நக்கீரர் எதிரிகள் எழுவரையும் பெயர் பெயராகச் சொல்கிறார்: சேரன், செம்பியன், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன். இதில் எழினி என்பது தகடூர் அதியர் குடியில் வழங்கிய பெயர். சேலத்துக்கு வடக்கே, இன்றைய தருமபுரி. களத்தில் அடையாளத்துக்குப் பூ இருந்தது. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணியைப் பார்த்து ஆளைச் சொல்லலாம்.

அந்த அடையாளமே உதவாமல் போன ஒரு போரும் புறநானூற்றில் உண்டு. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, உள்ளே அடைத்துக்கொண்டு இருந்தவன் நெடுங்கிள்ளி. இருவரும் சோழர். கோவூர் கிழார் நடுவே நின்று சொன்னது இதுதான்: உங்களில் ஒருவன் தலையிலும் பனம்பூ இல்லை, வேம்பும் இல்லை, இரண்டு பேர் சூடியிருப்பதும் ஆத்திதான், எவன் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. யார் யாரோடு மோதுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையைக் கொண்டே போரை நிறுத்தப் பார்த்தவர் அவர்.

நம் திரையில்

இந்த வித்தை தெரிந்தவர்கள் சேலத்திலேயே இருந்தார்கள். ஏற்காடு சாலையில் டி.ஆர்.சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், 1947-இல் 'ஆயிரம் தலை வாங்கிய அபூர்வ சிந்தாமணி', 1950-இல் 'மந்திரி குமாரி', 1956-இல் தமிழின் முதல் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்று மாயாஜாலமும் வாள்வீச்சும் கலந்து கொடுத்தது. பி.எஸ்.வீரப்பா தொண்டையைத் திறந்து ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், எதிரி யார் என்று கடைசி பெஞ்சுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

கணினி வந்த பிறகு கூட்டம் பெருத்தது, ஆள் தொலைந்தான். லட்சம் தலைகளை உருவாக்கலாம். ஆனால் எந்தத் தலை எந்தப் பக்கம் என்று காட்டுவது அதைவிடக் கடினம். 2015-இல் வந்த 'பாகுபலி'யின் முதல் பாகம் இதைக் கவனமாகச் செய்தது. காலகேயருக்குத் தனி மொழியே செய்தார்கள். மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி அது. போருக்கு முன்னே திரிசூல வியூகம் என்றால் என்ன என்று அரண்மனையில் பேசிக் காட்டிவிடுகிறார்கள். அதற்கும் மேலே, ஒரே மகிழ்மதிப் படைக்குள் இரண்டு போட்டியாளர்கள். காலகேயன் தலையைக் கொய்பவனுக்கே அரியணை என்பதால் பாகுபலிக்கும் பல்வாள்தேவனுக்கும் இடையே நடப்பது இன்னொரு போர். எதிரி கேடயமாகப் பிடித்து நிறுத்திய மக்களை ஒருவன் காப்பாற்றுகிறான், ஒருவன் மிதித்துக்கொண்டு போகிறான். சிவகாமி தேவி தீர்ப்புச் சொல்வது அதை வைத்துத்தான். போர்க்காட்சிக்குள் கதை நகர்கிறது என்றால் இதுதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. காலகேயரை அடையாளம் காட்ட அந்தப் படம் எடுத்த குறுக்கு வழி கறுப்பு நிறம். உடம்பெல்லாம் கறுப்பைப் பூசி, புரியாத மொழி பேசவிட்டால் அவன் கொல்லத்தக்கவன் ஆகிவிடுகிறான். வெயிலில் நின்று கறுத்தவர்கள் நிறைந்த நம் ஊர்களில் அந்தக் காட்சிக்குக் கைதட்டல் எழுந்ததை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 'ஆயிரத்தில் ஒருவன்' இங்கேதான் வேறுபடுகிறது. அதிலும் சோழர்கள் கரியும் அழுக்கும் பூசிக் கொடூரமாகத்தான் முதலில் தோன்றுகிறார்கள். நாம் பயப்படுகிறோம். அரைமணி நேரத்தில் அவர்கள் பசியைப் பார்க்கிறோம். போர் தொடங்கும்போது அதே கறுத்த உடம்புகளுக்காகப் பதறுகிறோம். பார்க்கிறவனையே பக்கம் மாற வைத்த படம் அது.

2023-இல் வந்த 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தின் இறுதியில் ராஷ்டிரகூடரோடு ஒரு போர் வருகிறது. கல்கியின் நாவலில் அது கிடையாது. நாவல் படித்தவர்களே "இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்" என்று பக்கத்து இருக்கையைக் கேட்டார்கள். சதி, துரோகம், காதல் என்று இத்தனை நுட்பமாகப் பின்னிய கதைக்கு, முன்பின் பழகாத ஒரு படையை வைத்து முடிப்பு எழுதியது எனக்கு உவப்பாக இல்லை.

வெளிநாட்டுக்காரர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. டோல்கீன் எழுதிய 'ஹாபிட்' கதையை பீட்டர் ஜாக்சன் மூன்று படங்களாக எடுத்தார். 2014-இல் வந்த மூன்றாவது படத்தின் பெயரிலேயே 'ஐந்து படைகளின் போர்' என்று எண்ணிக்கை இருக்கிறது. எந்த ஐந்து என்பதில்தான் தகராறு. நூலில் கணக்குத் தெளிவு: காப்ளின்களும் ஓநாய்களும் ஒரு பக்கம், எல்ஃபுகளும் மனிதரும் குள்ளரும் மறுபக்கம். படத்தில் ஓநாய்கள் தனிப்படையாக நிற்கவில்லை. எதிரிகள் இரண்டு திசையிலிருந்து இரண்டு படையாக வருகிறார்கள். கடைசியில் கழுகுகளும் வந்து இறங்குகின்றன. ஐந்தை விரல் விட்டு எண்ணத் தொடங்கினால் ஆறாவது விரல் தேவைப்படுகிறது.

உண்மையான 1279

செல்வராகவன் எடுத்துக்கொண்ட ஆண்டு கற்பனை அல்ல. மூன்றாம் ராஜேந்திர சோழனைப் பற்றிய கடைசிச் செய்திகள் 1279-ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன. வென்றவன் மாறவர்மன் குலசேகர பாண்டியன். ஆனால் அந்தப் போரில் சோழனும் பாண்டியனும் மட்டும் இல்லை. சோழன் பக்கம் ஹொய்சள ராமநாதனும் நின்று தோற்றான்.

அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளைப் பார்த்தால் தலை சுற்றும். மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். ஹொய்சளர் வந்து சோழனுக்கு அரியணையை மீட்டுக் கொடுத்தார்கள். பிறகு காடவ கோப்பெருஞ்சிங்கன், சோழப் பேரரசன் மூன்றாம் ராஜராஜனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். மீட்டவர்கள் மறுபடியும் ஹொய்சளப் படைத்தலைவர்கள். அந்தப் படை எந்தெந்த ஊரை அழித்துக்கொண்டு போனது என்பதைத் திருவயிந்திரபுரம் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. அடுத்து மூன்றாம் ராஜேந்திரன் தலையெடுத்ததும், சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில் இருந்து ஆண்ட ஹொய்சள சோமேசுவரன் பாண்டியன் பக்கம் சாய்ந்தான். சோழன் மெலிந்தால் சோழனுக்கு உதவி, சோழன் வலுத்தால் பாண்டியனுக்கு உதவி. நம் சேலம் மாவட்டத்து ஆறகளூரில் இருந்த வாணகோவரையர்களும் இந்த நூற்றாண்டின் ஆட்டத்தில் வெறும் பார்வையாளர்கள் அல்ல. மகதை மண்டலத்தைத் தங்கள் கையில் வைத்திருந்தவர்கள். தலைவாசல் பக்கம் போகிறவர்கள் காமநாதீசுவரர் கோயில் சுவர்களைப் பாருங்கள். அந்தக் காலத்தின் கணக்கு வழக்கெல்லாம் கல்லில் இருக்கிறது.

படம் இத்தனை தரப்பையும் இரண்டு குலமாகச் சுருக்கிவிட்டது. மாயக்கதைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் சரித்திரத்தில் நடந்த ஒன்று படத்துக்குள் எப்படியோ வந்துவிட்டது: குலப்பகை ஒருவருடையது, படை இன்னொருவருடையது. ஹொய்சளச் சிப்பாய் இன்று யாருக்காக வாளெடுக்கிறான் என்பது கண்ணனூரில் முடிவானது போல, படத்துச் சிப்பாய் யாரைச் சுடுகிறான் என்பது மேலே எங்கோ முடிவாகிறது.

படம் வெளியான நேரத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால். எட்டு மாதம் கழித்துப் பொங்கலுக்கு இந்தப் படம். தோற்ற மக்களைச் சீருடைக்காரர்கள் கூட்டமாக ஓட்டிப் போவதும், பெண்களைச் சீரழிப்பதும், கைதியான மன்னன் அதைப் பார்த்தபடியே உயிர்விடுவதும் திரையில் வந்தபோது அரங்கில் ஒரு விசில் இல்லை. அந்தக் காட்சிகளில் ஈழத்தைப் பார்த்தவர்கள் பலர். நானும் பார்த்தேன். அந்த நிமிடம் பாண்டியன் என்ற பெயர் மனதில் நிற்கவில்லை. சீருடையும் துப்பாக்கியும்தான் நின்றன.

பேசப்படாத ஒரு தரப்பு இன்னும் பாக்கி இருக்கிறது. முத்துவோடு கிளம்பிய கூலியாட்கள். கடலில் பாதிப் பேர், காட்டில் மீதிப் பேர் என்று இறுதிப் போருக்கு வெகு முன்பே அவர்கள் தீர்ந்துவிட்டார்கள். சோழரும் அல்ல, பாண்டியரும் அல்ல, அரசாங்கமும் அல்ல. கூலி பேசி வந்தவர்கள். ரசிகர்கள் எத்தனையோ நுணுக்கங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், ராஜராஜ சோழன் காலத்து மரபு வரைக்கும் போய் வாதிட்டிருக்கிறார்கள். இந்த ஆட்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தூதுவன் அவர்களில் ஒருவனாகத்தான் வந்தான் என்பது மட்டும் படத்துக்குள் இருக்கிறது: ஏழு நூற்றாண்டு காத்திருந்தவர்களின் கடைசி வாரிசைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறவன் மூட்டை தூக்க வந்த முத்து.

2021 புத்தாண்டன்று இரண்டாம் பாகத்தை அறிவித்தார் செல்வராகவன். தனுஷ் நடிப்பதாகவும், 2024-இல் வரும் என்றும் அறிவிப்பு சொன்னது. அந்த ஆண்டும் போய்விட்டது. ரசிகர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். படம் வருமானால் இளவரசன் வளர்ந்திருப்பான். அவனுக்கு எதிரே யார் நிற்பார்கள் என்று எழுத உட்காரும்போது, மீன்கொடியைத் தூக்கி வரும் ஒரு படையை மட்டும் எழுதி முடித்துவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அவனைக் காப்பாற்றியவன் எந்தக் குலமும் இல்லாதவன். அவன் வளர்ந்ததும் அப்படிப்பட்ட ஆட்களோடுதான் இருந்திருக்க வேண்டும்.